பிள்ளையின் முகம் யாருடைய சுதந்தரம்?

குடும்ப வேத பாடம்
தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7

கடலிலும் ஏரியிலும் போன நம் ஜனங்களைக் கடந்த மாதம் முழுவதும் பத்திரமாய்க் கரை சேர்த்த தேவனுக்கே சகல மகிமையும் உண்டாவதாக.

இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியின் நிமித்தம் எழுதுகிறேன். "விளம்பரத்துல நிக்க பாப்பாவ கேக்கறாங்க பாஸ்டர், அனுப்பலாமா?" இந்தக் கேள்வியோடு சில பெற்றோர் என்னிடத்தில் வந்தார்கள். கேட்காமல் மனதுக்குள் வைத்திருக்கிறவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள் என்று அறிவேன்.

நம் பழவேற்காட்டுக்கு கேமராவோடு வருகிறவர்கள் அதிகம். பூநாரையைப் படம் எடுக்க வருகிறார்கள். டச்சுக்காரர் கல்லறையைப் படம் எடுக்க வருகிறார்கள். கல்யாண ஜோடியைப் படகில் உட்கார வைத்துப் படம் எடுக்க வருகிறார்கள். அப்படி வருகிறவர்களின் கண்ணில் நம் பிள்ளைகளும் படுகிறார்கள். இன்னொரு பக்கம், வீட்டில் இருக்கிற செல்போன் வழியாகவும் இது உள்ளே வருகிறது. பிள்ளையை ஆட வைத்து வீடியோ போட்டால், "எங்க கடைத் துணியைப் போட்டு ஒரு வீடியோ போடுங்க" என்று கேட்கிறார்கள். இதற்கு மாடலிங் என்று பேர். துணியோ, நகையோ, சோப்போ, பிஸ்கட்டோ, ஒரு பொருள் விற்பதற்காகப் பிள்ளையின் முகத்தையும் உருவத்தையும் கூலிக்குக் கொடுப்பதுதான் அது.

"உலகத்துக்கடுத்த காரியம், வேண்டாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் கடனில் மூழ்கியிருக்கிற தகப்பனுக்கு அந்த ஒரு வரி போதாது. ஆகவே வேதத்தைத் திறந்து, நிதானமாய்ப் பார்ப்போம்.

1. கடன்காரன் வாசலில் நின்ற வீடு

2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரத்தில் ஒரு விதவையைப் பார்க்கிறோம். அவள் புருஷன் கர்த்தருக்குப் பயந்தவன். ஆனாலும் கடன் வைத்துவிட்டு மரித்துப்போனான். கடன் கொடுத்தவன் வந்து, பணத்துக்குப் பதிலாக இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாய்க் கொண்டுபோகப் பார்க்கிறான். அவள் எலிசாவிடத்தில் போய் அழுகிறாள்.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய காரியங்கள் மூன்று.

முதலாவது, கடன்காரனின் கண் எங்கே போயிற்று? அந்த வீட்டில் விலைபோகக்கூடியதாக அவன் கண்டது பிள்ளைகளை மாத்திரமே. கடன் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அப்படித்தான். முதலில் பாத்திரம் போகும், பிறகு வலை போகும், அப்புறம் பார்வை பிள்ளைகள்மேல் விழும்.

இரண்டாவது, தீர்க்கதரிசி என்ன செய்தான்? பிள்ளைகளை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டில் வேறு என்ன இருக்கிறது என்றுதான் விசாரித்தான். ஒரு குடம் எண்ணெய் இருந்தது. அது போதுமானதாயிற்று.

மூன்றாவது காரியத்தை நாம் அடிக்கடி விட்டுவிடுகிறோம். எண்ணெயை ஊற்றப் பாத்திரம் வேண்டுமே! அது யார் வீட்டிலிருந்து வந்தது? அக்கம்பக்கத்தார் வீடுகளிலிருந்து. அயலார் பாத்திரம் கொடுத்தார்கள், தேவன் எண்ணெயைப் பெருகப்பண்ணினார், அந்தப் பிள்ளைகள் தாயோடு வீட்டிலேயே தங்கினார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாத்திரங்களைத் தாயினிடத்தில் எடுத்துக் கொடுத்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொள்கிறார்கள், தண்ணீர் எடுக்கிறார்கள், அம்மாவுக்கு மீன்கூடையைத் தூக்கி விடுகிறார்கள். இதில் தவறில்லை. ஆனால் வீட்டுக் காரியத்தில் உதவுகிற பிள்ளை வேறு. வீட்டுக் கடனுக்காகத் தன்னையே கொடுக்கிற பிள்ளை வேறு. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் மற்றவை எளிதாய் விளங்கும்.

2. நம் ஏரி சொல்லும் பாடம்

வெள்ளை இறால் எங்கே பிறக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அது கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு முகத்துவாரத்தின் வழியாய் ஏரிக்குள் வருகிறது. கடலின் அலையும் பெரிய மீன்களும் அத்தனை தொல்லை செய்யாத இந்தச் சேற்றிலும் பாசியிலும் தின்று வளர்கிறது. பெருத்தபின் மறுபடியும் கடலுக்குப் போய், அங்கே முட்டையிடுகிறது. ஏரி அதற்குத் தாய்வீடு. வளர்கிறவரைக்கும் காப்பாற்றி, வளர்ந்தபின் அனுப்பி வைக்கிற இடம்.

நெருக்கிய கண் வலையைப் போட்டுக் குஞ்சையே அள்ளினால் அன்றைக்குக் கூடை நிரம்பும். ஆனால் அடுத்த பருவத்துக்கு ஏரியில் என்ன இருக்கும்? இதை நம் பெரியவர்கள் அறிந்திருந்தார்கள். பாடு முறையை ஏன் வைத்தார்கள்? சீட்டுப் போட்டு, முறை பிரித்து, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று ஏன் காத்திருந்தார்கள்? எல்லாரும் ஒரே நாளில் அள்ளிவிட்டால் ஒருவருக்கும் மிஞ்சாது என்று தெரிந்துதான்.

பிள்ளைப்பருவமும் தேவன் வைத்த ஏரி. சங்கீதம் 127:3 பிள்ளைகளைக் கர்த்தர் தரும் சுதந்தரம் என்று காட்டுகிறது. சுதந்தரம் என்றால் கைமாறி வருகிற சொத்து. கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார், கணக்குக் கேட்பார். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு நம் கையில் இருக்கிறது, விற்கும் உரிமை நம் கையில் இல்லை. அந்த முகம் முதலாவது அதைச் சிருஷ்டித்தவருடையது. அடுத்தபடியாக அந்தப் பிள்ளையினுடையது. பிள்ளை வளர்ந்து, நல்லது கெட்டது பகுத்தறிந்து, தானே யோசித்துப் பதில் சொல்லும் வயது வருமட்டும் அதைக் காத்துக் கொடுப்பவர்கள்தான் பெற்றோர்.

3. அழகாயிருப்பது பாவமா?

இல்லவே இல்லை. "புள்ள அழகா பொறந்துடுச்சு, பயமா இருக்கு" என்று சொல்லுகிற தாய்மாரே, அழகைக் கொடுத்தவரும் கர்த்தரே. தாவீது பார்வைக்கு அழகானவன் (1 சாமுவேல் 16:12). யோசேப்பு நல்ல ரூபமுள்ளவன் (ஆதியாகமம் 39:6). ஆனால் அதே யோசேப்பின் அழகின்மேல் எஜமானின் மனைவி கண் வைத்தாள், அவன் சிறைச்சாலை மட்டும் போக நேர்ந்தது. தவறு அவளுடையது, தண்டனை அவனுக்கு.

எஸ்தரின் காரியத்தையும் பாருங்கள். தாய் தகப்பன் இல்லாத பெண், அழகின் நிமித்தம் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். மொர்தெகாய் வீட்டில் உட்கார்ந்து வருமானத்தை எண்ணவில்லை. நாள்தோறும் கன்னிமாடத்து முற்றத்துக்கு முன்பாக நடந்து, அவள் சுகமாயிருக்கிறாளா என்று விசாரித்துக்கொண்டே இருந்தான் (எஸ்தர் 2:11). பிள்ளைக்குக் காவலாய் நிற்கிறவன் இப்படி இருக்கவேண்டும்.

இதற்கு எதிரான ஒரு தாயையும் வேதம் காட்டுகிறது. ஏரோதின் பிறந்தநாளில் ஒரு பெண் ஆடினாள் (மாற்கு 6:21-28). ராஜா சந்தோஷப்பட்டான். என்ன கேட்பதென்று அவளுக்குத் தெரியவில்லை, தாயிடம் ஓடினாள். ஆடினது மகள், ஆசை தாயினுடையது. கடைசியில் அந்தப் பெண்ணின் கையில் வந்தது என்ன? ஒரு தாலத்தில் ஒரு தேவமனுஷனின் தலை! பிள்ளையின் திறமையைத் தன் ஆசைக்கு உபயோகிக்கிற பெற்றோர் இதை மறக்கக்கூடாது.

நிறத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. உன்னதப்பாட்டில் ஒரு பெண், வெயில் பட்டதால் கறுத்துப்போனேன் என்று கூச்சமில்லாமல் சொல்லுகிறாள் (1:5,6). நம் பிள்ளைகளும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வளர்ந்தவர்கள். விளம்பர உலகமோ வெகுகாலமாய் வெளுப்பையே அழகென்று விற்றது. கறுப்பு நிறத்தைத் தாழ்த்திக் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர கவுன்சில் 2014ல் விதி கொண்டுவர வேண்டியதாயிற்று. சிவப்பழகு கிரீம் விற்ற பெரிய கம்பெனியே 2020ல் தன் பொருளின் பேரை மாற்றியது. கேமராவுக்கு முன் நின்று, "இந்தப் பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று பத்துப் பேர் பேசுவதைக் கேட்டுவிட்டு வருகிற சிறுமிக்கு, தேவன் உன்னை நேர்த்தியாய்ப் படைத்தார் என்று ஞாயிறு பள்ளியில் நாம் சொல்லுவது எப்படி இறங்கும்?

4. உலகத்தில் நடந்த இரண்டு காரியங்கள்

அமெரிக்காவில் ஜாக்கி கூகன் என்று ஒரு சிறுவன் இருந்தான். 1921ல் சார்லி சாப்ளினுடன் ஒரு படத்தில் நடித்தான். அவன் முகத்தைப் பொம்மையிலும் கடைப்பொருள்களிலும் போட்டு விற்றார்கள். பிள்ளைப்பருவத்தில் அவன் சம்பாதித்தது 30 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் வரை இருக்கும் என்பது மதிப்பு. வளர்ந்தபின் என் பணம் எங்கே என்று கேட்டான். அவன் தாயும், அவளை மணந்தவரும் கொடுக்க மறுத்தார்கள். 1938ல் தாயின்மேலேயே வழக்குப் போடவேண்டியதாயிற்று. அவனுக்குக் கிடைத்ததோ சுமார் 1,26,000 டாலர் மாத்திரம். பிள்ளை சம்பாதித்தால் அது பெற்றோருக்கே சொந்தம் என்று அந்நாள் சட்டம் இருந்தது. இந்த வழக்குக்குப் பிறகுதான் 1939ல் கலிபோர்னியா மாகாணம், பிள்ளையின் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைப் பிள்ளைக்கே சேர்த்து வைக்கும்படி சட்டம் செய்தது.

இரண்டாவது, புரூக் ஷீல்ட்ஸ் என்ற சிறுமியின் காரியம். குழந்தையாய் இருந்தபோதே மாடலிங்கில் இறக்கப்பட்டவள். 1975ல், அவளுக்கு 10 வயதாய் இருக்கும்போது, ஒரு போட்டோகிராபர் சிறுமியை எடுக்கத்தகாத விதத்தில் சில படங்கள் எடுத்தார். கூலி 450 டாலர். எப்படி வேண்டுமானாலும் உபயோகித்துக்கொள்ளலாம் என்கிற தாளில் தாய் கையெழுத்துப் போட்டாள். பிள்ளை வளர்ந்தாள், வெட்கப்பட்டாள், அந்தப் படங்களை இனி வெளியிடக்கூடாது என்று 1981ல் கோர்ட்டுக்குப் போனாள். நியூயார்க்கின் உயர்ந்த நீதிமன்றம் 1983ல் என்ன தீர்ப்புச் சொல்லிற்று தெரியுமா? தாய் போட்ட கையெழுத்து மகளையும் கட்டும், அதை மகள் ரத்து செய்ய முடியாது என்றது.

பிரியமானவர்களே, நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்க்காமல் கையெழுத்தோ கைநாட்டோ போடுகிறோம்! குழுக்கடன் தாளில் போட்ட கையெழுத்துக்குப் பணத்தைக் கட்டி முடிக்கலாம். பிள்ளையின் படத்துக்குப் போட்ட கையெழுத்தை எதைக் கட்டி மீட்பது? இன்றைக்கு ஒரு படம் செல்போனில் ஏறினால் எத்தனை கைக்குப் போகும் என்று யாராலும் எண்ண முடியாது.

5. நம் தேசத்தின் சட்டம் என்ன சொல்லுகிறது?

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016ல் திருத்தப்பட்டது. 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக்கூடாது என்கிறது. ஆனால் விளம்பரம், சினிமா, டிவி இவைகளில் கலைஞராய்ப் பங்குபெற விலக்கு உண்டு. அதற்கும் 2017ல் வந்த விதிகள் சில நிபந்தனைகளை வைத்திருக்கின்றன. ஒவ்வொரு பெற்றோரும் இவைகளை அறிந்திருக்கவேண்டும்.

படம் எடுக்கிற மாவட்டத்தின் கலெக்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும். ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பிள்ளையை வைத்திருக்கக்கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. பள்ளிப் படிப்பு கெடாதபடி ஏற்பாடு செய்யவேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்கவேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளையின் பேரிலேயே தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பு நிதியாய்ப் போடவேண்டும். பிள்ளையின் விருப்பத்துக்கு விரோதமாய்ச் செய்விக்கவே கூடாது.

இதற்கு மேல் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை ஆபாசமான விதத்தில் படம் எடுப்பது குற்றம். தாய் தகப்பன் சம்மதித்தாலும் குற்றம் குற்றமே. ஏதாவது தவறு நடந்தால் 1098 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம், காசு ஆகாது.

உலகத்தின் சட்டமே பிள்ளையின் விருப்பத்தைக் கேட்கச் சொல்லும்போது, விசுவாசியின் வீட்டில் அதைக் கேட்காமல் இருக்கலாமா?

6. "ஏழைக்கு வர்ற ஒரே வாய்ப்பு இது"

இப்படிச் சொல்லுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் போனால் பாடம் முழுமையாகாது. மும்பையில் குடிசைப்பகுதியில் வளர்ந்த மலீஷா கர்வா என்ற பெண்பிள்ளை 2023ல் ஒரு பெரிய அழகுப்பொருள் கம்பெனியின் விளம்பரத்தில் வந்ததைப் பேப்பரில் பலர் படித்திருப்பீர்கள். "அந்தப் பொண்ணுக்குக் கதவு திறந்துச்சே, எங்க பொண்ணுக்கு ஏன் சபை குறுக்க நிக்குது?" என்று ஒரு சகோதரன் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு வார்த்தையும் இல்லை, உரிமையும் இல்லை.

ஆனால் எல்லாக் கதவும் ஒரே மாதிரி திறப்பதில்லை. மும்பைக் குடிசைப்பகுதியிலிருந்தே 2008ல் வந்த ஒரு ஆங்கிலப் படத்துக்காக ருபினா, அசாருதீன் என்ற இரண்டு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். படம் உலகமெங்கும் பேர் வாங்கிற்று. அதன் டைரக்டரும் தயாரிப்பாளரும் அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு டிரஸ்ட் வைத்தார்கள். பள்ளிக்கூடம் போகவேண்டும், 18 வயது வரைக்கும் படித்தால் பணம் அவர்கள் கையில் சேரும் என்று ஏற்பாடு. பிள்ளையின் நாளை தினத்தை யோசித்துச் செய்தது இது. நம் படகுத்துறையில் நின்று போன் நம்பர் கேட்கிறவரிடத்தில் இப்படிப்பட்ட ஏற்பாடு உண்டா? அதைத்தான் கேட்கவேண்டும்.

அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பிலிப்பி பட்டணத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கிறோம். அவளால் அவள் எஜமான்களுக்கு நல்ல ஆதாயம். பவுல் அவளை விடுதலையாக்கினபோது எஜமான்கள் சந்தோஷப்பட்டார்களா? தங்கள் வருமானம் போயிற்றே என்றுதான் கோபப்பட்டார்கள் (16:19). ஒரு பிள்ளையைச் சுற்றி நிற்கிறவர்களின் உள்ளம் எப்போது வெளிப்படும் என்றால், அந்தப் பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்று சொல்லும்போது வெளிப்படும்.

7. நம் நடுவில் ஒரு வீடு

பேர் சொல்லாமல் எழுதுகிறேன். அந்தக் குடும்பத்தார் அனுமதி கொடுத்தே எழுதுகிறேன்.

குப்பத்து வீடு ஒன்று. தகப்பனார் ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர். இன்ஜினுக்கு வாங்கின கடன், மூத்த மகள் கல்யாணத்துக்கு வாங்கின கடன், வாரா வாரம் குழுக்கடன். முகத்துவாரம் மணல் மூடிப்போகும் மாதங்களில் ஏரியில் வரத்துக் குறைந்துவிடும், வட்டி மாத்திரம் குறையாது. இளைய மகள் ஏழாம் வகுப்பு. தாயோடு படகுத்துறையில் நின்றபோது ஒருவர் படம் எடுத்தார். சென்னையில் ஒரு துணிக்கடைக்கும், பிறகு நகைக்கடைக்கும் விளம்பரம், ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் என்றார். அதற்குமுன் ஆல்பம் போட 8,000 ரூபாய் கட்டவேண்டும் என்றார். தகப்பனார் அந்த 8,000த்தையும் வட்டிக்கு வாங்க ஆள் பார்த்துவிட்டார்.

அதற்குள் தாயார் வந்து, "ஐயா, ஜெபம் பண்ணுங்க, போயிட்டு வர்ற வழி வாய்க்கணும்" என்றார்கள். ஜெபிக்குமுன் பேசுவோம் என்று சொல்லி, சபை மூப்பர் இருவரோடு அந்த வீட்டுக்குப் போனோம். மேலே சொன்ன 2 இராஜாக்கள் 4ஐ வாசித்தோம். தகப்பனார், "நடிப்புதானே பாஸ்டர்? நகை போட்டு நின்னா அது நம்ம நகையா? கழட்டிக் குடுத்துட்டு வரப் போறா" என்றார்.

நான் சொன்னேன்: "அண்ணே, நகை போடாம சபைக்கு வர்ற பிள்ளை அது. ஏன் போடறதில்லைன்னு நீங்கதான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க. நாளைக்கு அதே பிள்ளை ஹைரோட்டு பலகையில நகையோட நின்னு, மத்தவங்களைப் பார்த்து வாங்குன்னு சொன்னா, அப்பா சொன்னது மெய்யா, பலகை சொல்றது மெய்யான்னு அவளே கேப்பா. அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க?" அவர் பேசவில்லை.

பிறகு பிள்ளையிடம் கேட்டோம். "உனக்கு விருப்பமாம்மா?" அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "எனக்கு வெக்கமா இருக்குது. ஆனா நான் போனா அக்கா கல்யாணக் கடன் அடைஞ்சிடும்ல?"

தாயார் அப்போதே அழுதுவிட்டார்கள். யாரும் அந்தப் பிள்ளையிடம் கடனைப்பற்றிப் பேசவில்லை. ராத்திரியில் பெரியவர்கள் மெதுவாய்ப் பேசினதைப் படுத்துக்கொண்டே கேட்டிருக்கிறாள். கடன்காரன் கேட்பதற்கு முன்னமே, அந்தப் பிள்ளை தன்னைத்தானே விலையாய் எடுத்து வைத்துவிட்டாள்.

அந்த போட்டோகிராபருக்கு போன் செய்தோம். எந்தக் கடை, கலெக்டர் அனுமதி உண்டா, பிள்ளை பேரில் வங்கியில் போடுவீர்களா, படத்தை எத்தனை வருஷம் எங்கெங்கே உபயோகிப்பீர்கள், தாய் கூடவே நிற்கலாமா என்று கேட்டோம். "ஒரு நாள் வேலைக்கு இவ்ளோ கேள்வியா சார்?" என்று வைத்துவிட்டார். அதற்குப்பின் அவர் பேசவில்லை.

பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று தகப்பனாரே தீர்மானித்தார். ஆனால் எங்கள் வேலை அதோடு முடியவில்லை. வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவனை வெறும் வாழ்த்தோடு அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு கேட்கிறாரே (2:15,16)! மறு வாரம் சபையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, அந்த வீட்டுக் குழுக்கடன் தவணையை இரண்டு மாதத்துக்குத் தாங்கள் கட்டுவதாய் ஏற்றார்கள். ஒரு சகோதரன் இன்ஜின் கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசி, வட்டியைக் குறைத்து மாதத் தவணையாக்கிக் கொடுத்தார். எண்ணெய்க் குடம் பெருகிற அற்புதம் நடந்ததென்று சொல்லமாட்டேன். கடன் இன்னும் பாதிக்குமேல் இருக்கிறது. ஆனால் பாத்திரம் கொடுத்த அயலார் இருந்தார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள். கடனைப்பற்றிய பேச்சை இனி அவள் காதில் விழாதபடி பேசுகிறோம் என்று தாயார் சொன்னார்கள்.

8. தீர்மானிக்குமுன் கேட்கவேண்டிய ஆறு கேள்விகள்

ஒருவேளை உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு அழைப்பு வரலாம். புருஷனும் மனைவியும் முழங்காலில் நின்று, இந்தக் கேள்விகளுக்கு உண்மையாய்ப் பதில் சொல்லுங்கள்.

(அ) நமக்குக் கடனே இல்லாதிருந்தால் பிள்ளையை அனுப்புவோமா? இல்லை என்றால், அனுப்புவது பிள்ளை அல்ல, கடன்தான் பிள்ளையைத் தள்ளுகிறது.

(ஆ) பிள்ளை "வேண்டாம்" என்று சொன்னால் வீட்டில் யாராவது கோபப்படுவோமா? கோபப்படுவோம் என்றால் அவள் சொல்லுகிற "சரி"க்கு மதிப்பில்லை.

(இ) என்ன பொருளை விற்க நிற்கிறாள்? எந்த உடையில்? அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமை சபைச் சுவரில் மாட்டினால் அவள் முகம் மலருமா, குனியுமா?

(ஈ) தாயோ தகப்பனோ ஒரு நிமிஷமும் விலகாமல் கூடவே நிற்க விடுவார்களா? தனி அறை, தனிப் பயணம், ராத்திரித் தங்கல் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

(உ) முதலில் நாம் பணம் கட்டவேண்டுமா? வேலை கொடுக்கிறவன் கூலி கொடுப்பான், கூலியாளிடம் வாங்கமாட்டான். அனுமதித் தாளும் ஒப்பந்தமும் எங்கே? வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து, தமிழில் விளங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போடாதிருங்கள்.

(ஊ) பள்ளிக்கூடமும், ஓய்வுநாள் ஆராதனையும், அவள் சிநேகிதரோடு விளையாடும் நேரமும் அப்படியே நிற்குமா?

இந்த ஆறில் ஒன்றுக்கு உண்மையான பதில் இல்லாவிட்டாலும், பதில் "இப்போது வேண்டாம்" என்பதே. 18 வயது நிறைந்து, விசுவாசத்தில் நிலைத்து, தன் வழியைத் தானே ஜெபித்துத் தெரிந்துகொள்ளும் நாளில் அவள் எந்த வேலையைத் தெரிந்துகொள்கிறாள் என்று அப்போது பேசுவோம். வளர்ந்த இறால் கடலுக்குத்தான் போகும். வளர விட்டோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும்.

செல்போனில் பிள்ளையை ஆட வைத்து வீடியோ போடுகிற பெற்றோருக்கும் இதே கேள்விகள்தான். 13 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கணக்குக் கிடையாது என்று இன்ஸ்டாகிராமே விதி வைத்திருக்கிறது. பிள்ளை பேரில் முடியாததை அம்மா பேரில் செய்வது விதியை ஏமாற்றலாம், தேவனை ஏமாற்றாது.

9. சபைக்கு ஒரு வார்த்தை

"அனுப்பாதே" என்று சொல்லுவதற்கு ஒரு நிமிஷம் போதும். பாத்திரம் கொடுப்பதற்கு நம் வீட்டுப் பாத்திரம் காலியாகவேண்டும். கடனில் இருக்கிற வீட்டைப்பற்றிக் குசுகுசுவென்று பேசுவதை நிறுத்தி, அந்த வீட்டு வாசலில் போய் நிற்போம். ஒரு பிள்ளையும் தன் வீட்டுக் கடனுக்குத் தானே விலை என்று நினைக்காதபடி இந்தக் குப்பங்களில் நாம் ஒருவருக்கொருவர் அயலாராய் இருப்போம். எழுப்புதல் வேண்டும் என்று இரவெல்லாம் கதறுகிறோம். பிள்ளைகள் பயமில்லாமல் தூங்குகிற வீடுகளில் அந்த எழுப்புதல் தொடங்கட்டும்.

குடும்ப ஜெபத்தில் பேச:

நம் பிள்ளைகளின் காதில் விழும்படி நாம் எதைப்பற்றி அடிக்கடி கவலைப்படுகிறோம்?

கடந்த ஆறு மாதத்தில் நம் சபையில் எந்த வீட்டுக்கு நாம் ஒரு பாத்திரம் கொடுத்தோம்?

நம் பிள்ளையிடம் கர்த்தர் வைத்திருக்கிற நல்ல குணம் ஒன்றை, இந்த வாரம் அவளிடம் வாய்திறந்து சொன்னோமா?

ஜெபம்: பரலோகப் பிதாவே, நீர் எங்களுக்குத் தந்த பிள்ளைகளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். அவர்கள் உம்முடைய சுதந்தரம் என்று அறிந்து காக்க எங்களுக்குக் கிருபை தாரும். நெருக்கத்தில் இருக்கிற வீடுகளைக் கண்ணோக்கிப் பாரும். எண்ணெயைப் பெருகப்பண்ணும், பாத்திரம் கொடுக்கிற கைகளையும் எங்கள் நடுவில் எழுப்பும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஊழியன்